சாவிக்கு ஆயுள் குறைவாக இருக்கட்டும்

போடி ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வேலை பார்ப்பது சிலமலையில், வீட்டு மாடியில். மென்பொருள் ஓடுவது மும்பையில் ஒரு கிளவுட் சர்வரில். அந்தச் சர்வரில் டாட் என்வ் ஃபைல் ஒன்று இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் அனுப்பும் ஏபிஐ கீ, வாட்ஸ்அப் டோக்கன், பேமெண்ட் கேட்வேயின் ரகசியக் கீ, இ-இன்வாய்ஸுக்கான கிளையண்ட் ஐடி, அதன் சீக்ரெட், இ-வே பில் யூசர்நேம், பாஸ்வேர்டு, பேக்கப் போய்ச் சேரும் ஸ்டோரேஜின் கீ எல்லாம் அதில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வரிதான். ஆனால் அந்த வரிகள் கையில் கிடைத்தால் வியாபாரியின் பெயரில் பில் எழுப்பலாம், அவர் யாரிடம் என்ன விலைக்கு விற்றார் என்று பார்க்கலாம், பேக்கப்பை அழிக்கவும் செய்யலாம்.

இந்த வரிகள் இங்கே வந்து சேர்ந்ததற்கு ஊரின் வியாபாரமே காரணம். இடுக்கி மலையில் பறித்த காய் போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இறங்கும்போது மாநில எல்லையைத் தாண்டுகிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால் இ-வே பில் வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஏலக்காய் விற்கும் விலைக்கு 5 கோடி என்பது இந்த ஊரில் பெரிய கடைகளுக்கு மட்டுமான எல்லை இல்லை. ஸ்பைசஸ் போர்டின் ஏலமே போடியிலும் புற்றடியிலும் கணினி வழியாகத்தான் நடக்கிறது. ஆக, ஏலக்காய் வியாபாரத்துக்கு மென்பொருள் எழுதுகிற எவரும் கைநிறைய ரகசியங்களை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்.

ரகசியங்களைக் காக்கும் கருவிகள் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் நிறைய மாறியிருக்கின்றன. விளம்பரங்களைப் படித்தால் நூறு வசதிகள் வந்ததுபோலத் தோன்றும். உருப்படியான மாற்றம் என்று நான் நினைப்பது ஒன்றைத்தான்: பூட்டை வலுப்படுத்துவதை விட்டுவிட்டு, சாவியின் ஆயுளைக் குறைக்கும் பக்கம் இந்தக் கருவிகள் நகர்ந்திருக்கின்றன. எந்தப் புதிய வசதியைப் பார்த்தாலும், இதனால் என் சாவிகளில் ஏதாவது ஒன்று சீக்கிரம் காலாவதி ஆகுமா என்று கேளுங்கள். ஆகாது என்றால் அந்த வசதியை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்.

நீண்ட ஆயுளின் ஆபத்து

டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கு வலைத்தளம் செய்துகொடுத்த ஒப்பந்த நிறுவனம், நிரலின் ஒரு பகுதியை கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிட்டது. டேட்டா சர்வரின் அணுகல் சாவி அதற்குள்ளேயே எழுதியிருந்தது. 2017 டிசம்பரில் ஏற்றியது 2022 செப்டம்பரில்தான் தெரிய வந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று டொயோட்டா அறிவித்தது. தவறு செய்தது வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்த நிறுவனம், அதாவது உங்கள் இடத்தில் இருந்தவர்கள். ஆனால் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அந்தச் சாவி செல்லுபடியாகிக்கொண்டிருந்ததுதான் சேதத்தை இவ்வளவு பெரிதாக்கியது.

கிட்கார்டியன் நிறுவனம் கிட்ஹப்பின் பொது நிரல்களை ஆண்டுதோறும் அலசுகிறது. 2024-இல் மட்டும் புதிதாகக் கசிந்த ரகசியங்கள் சுமார் 2 கோடியே 38 லட்சம். அதே அறிக்கையில் என்னை நிறுத்திய எண் வேறு: 2022-இல் கசிந்து கண்டுபிடிக்கப்பட்டவற்றில் 70 சதவீதம் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தன. சாவி தொலைந்தது தெரிந்த பிறகும் யாரும் பூட்டை மாற்றவில்லை.

இ-இன்வாய்ஸ் ஏபிஐயை எழுதியவர்களுக்கு இந்த யோசனை ஏற்கெனவே பழக்கம். யூசர்நேம், பாஸ்வேர்டு, கிளையண்ட் சீக்ரெட் கொடுத்தால் ஒரு டோக்கன் வரும். அது 6 மணி நேரத்துக்குத்தான் செல்லும். காலையில் கசிந்த டோக்கனால் இரவில் பயனில்லை. ஆனால் அந்த டோக்கனைப் பெற உதவும் பாஸ்வேர்டும் சீக்ரெட்டும் அதைவிட நெடுநாள் செல்லுபடியாகின்றன. நாம் கவலைப்பட வேண்டியது அவற்றைப் பற்றி.

கிட்ஹப் வாசலிலேயே தடுத்தல்

நிரலை ஏற்றும்போதே அதற்குள் சாவி இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தும் வசதியை கிட்ஹப், 2024 பிப்ரவரி இறுதியில் பொது நிரல்கள் எல்லாவற்றுக்கும் இயல்பாகவே இயக்கிவிட்டது. அதற்குக் கட்டணம் இல்லை. தனிப்பட்ட நிரல்களுக்கு வேண்டுமானால் 2025 ஏப்ரலிலிருந்து அதைத் தனியாக வாங்கலாம். நிரல் எழுதும் ஒவ்வொருவருக்கும் மாதம் 19 டாலர்.

கடைக்காரருக்கான நிரல் தனிப்பட்ட இடத்தில்தான் இருக்கும், அதனால் இலவசம் உங்களுக்குப் பொருந்தாது. 19 டாலர் கொடுக்கவும் வேண்டாம். கிட்லீக்ஸ் என்ற இலவசக் கருவியை உங்கள் கணினியில் நிறுவி, ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னால் ஓடும்படி இணைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. ட்ரஃபிள்ஹாக் இன்னொரு கருவி. அது கண்டுபிடித்த சாவி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று உரிய சேவையையே கேட்டுப் பார்க்கும். பழைய நிரல்களை ஒருமுறை துழாவ இதையே பரிந்துரைப்பேன். ஏனென்றால் கிட் எதையும் மறப்பதில்லை. போன வருடம் எழுதி மறுநாள் அழித்த பாஸ்வேர்டு வரலாற்றில் அப்படியே கிடக்கும்.

உங்கள் கணினியில் ஓடும் தடுப்பை ஒரு சிறு கட்டளையால் தாண்டிவிடலாம் என்பது இதன் பலவீனம். அவசரத்தில் தாண்டவும் செய்வோம். ஆகவே இதே சோதனையை கிட்ஹப் பக்கத்து ஆக்‌ஷன்ஸிலும் இன்னொரு முறை ஓட விடுங்கள்.

சாவியே இல்லாமல் டெப்லாய்

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. முன்பெல்லாம் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலிருந்து ஏடபிள்யூஎஸ்ஸுக்கு நிரலை அனுப்ப வேண்டுமானால், ஏடபிள்யூஎஸ்ஸின் நிரந்தரச் சாவி ஒன்றை கிட்ஹப்பில் சேமித்து வைக்க வேண்டும். 2021 இறுதியில் ஓஐடிசி என்ற முறை வந்தது. இப்போது கிட்ஹப் ஒவ்வொரு முறையும், "இது இன்ன நிரல், இன்ன கிளையிலிருந்து ஓடுகிறது" என்று ஒரு சான்று தருகிறது. ஏடபிள்யூஎஸ் அதைச் சரிபார்த்து, இயல்பாக ஒரு மணி நேரம் செல்லும் தற்காலிக அனுமதி கொடுக்கிறது. எங்கும் எதையும் சேமிக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஏடபிள்யூஎஸ் பக்கத்து நம்பிக்கை விதியில், எந்த நிரல், எந்தக் கிளை என்று முழுப் பெயரையும் எழுதுங்கள். வேலை நடந்தால் போதும் என்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் கிட்ஹப்பில் கணக்கு வைத்திருக்கும் அந்நியர் ஒருவரின் நிரல்கூட உங்கள் சர்வருக்குள் நுழைய வழி கிடைத்துவிடும்.

நிரல் தொகுப்புகளை வெளியிடும் இடங்களும் இதே பாதைக்கு வந்துவிட்டன. பைபிஐ 2023-இல் தொடங்கியது. என்பிஎம் 2025 ஜூலையில் பின்தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் ஷாய்-ஹுலூத் என்ற புழு நூற்றுக்கணக்கான என்பிஎம் தொகுப்புகளில் புகுந்தது. அது நிரலாளர்களின் கணினிகளில் இருந்த டோக்கன்களைத் தேடித் திருடி, அவர்கள் பெயரிலேயே பொதுவில் கொட்டியது. தேடுவதற்கு அது பயன்படுத்தியது, மேலே சொன்ன அதே ட்ரஃபிள்ஹாக்கை. அதன் பிறகு என்பிஎம் பழைய வகை டோக்கன்களை ஒழித்தது. எழுதும் உரிமையுள்ள டோக்கனுக்கு அதிகபட்சம் 90 நாள் ஆயுள் என்று வைத்துவிட்டது. பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு 90 நாளே அதிகம் என்று படுகிறது.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு: ஒரு மணி நேரக் கணக்கு

இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

ஹாஷிகார்ப் வால்ட், அதிலிருந்து பிரிந்த ஓபன்பாவ் போன்ற கருவிகளில் தற்காலிக டேட்டாபேஸ் பயனர் என்ற வசதி இருக்கிறது. உங்கள் மென்பொருள் வால்ட்டிடம் கேட்கும். வால்ட் போஸ்ட்கிரெஸ்ஸில் அப்போதே ஒரு புதுப் பயனரை உருவாக்கி, பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்கும். ஒரு மணி நேரம் என்று கெடு வைத்திருந்தால், புதுப்பிக்காதவரை அந்தப் பயனர் ஒரு மணி நேரத்தில் நீக்கப்படுவார். பாஸ்வேர்டு கசிந்தாலும் அதற்குள் மாண்டிருக்கும். யார் எப்போது எந்தப் பாஸ்வேர்டை வாங்கினார் என்ற பதிவும் மிஞ்சும். வசதி புதிதல்ல, பல ஆண்டுகளாக வால்ட்டில் இருப்பதுதான். ஆனால் இப்போது மற்ற கருவிகளிலும் பரவியிருக்கிறது. இன்ஃபிசிகலில் இது கட்டணத் திட்டத்தில் வருகிறது, ஓபன்பாவில் இலவசம்.

நடைமுறையில் மூன்று இடங்களில் இடறும்.

முதலாவது, கனெக்‌ஷன் பூல். டேட்டாபேஸுக்கான இணைப்புகளை மென்பொருள் திறந்தே வைத்திருக்கும். பயனர் காலாவதி ஆன பிறகு பூல் புது இணைப்பு திறக்கப் போனால் மறுப்பு வரும். இணைப்பின் அதிகபட்ச ஆயுளை கெடுவைவிடக் குறைவாக வையுங்கள். ஒரு மணி நேரக் கெடுவுக்கு அரை மணி நேர இணைப்பு சரியாக இருக்கும்.

இரண்டாவது, அட்டவணை யாருக்குச் சொந்தம் என்பது. தற்காலிகப் பயனர் ஒருவர் புதிய அட்டவணை உருவாக்கினால் அது அவர் பெயரில் நிற்கும். கெடு முடிந்து அவரை நீக்கப் போகும்போது, சொத்து இருக்கிறது, நீக்க முடியாது என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். அட்டவணை அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு நிரந்தரப் பொறுப்பு (ரோல்) ஒன்றைத் தனியே வைத்து, தற்காலிகப் பயனர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு வேலை செய்யும்படி அமைக்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். வால்ட்டும் ஓபன்பாவும் மறுதொடக்கம் ஆகும்போது பூட்டிய நிலையில்தான் எழும். இயல்பான அமைப்பில் திறவுகோல் 5 துண்டாக இருக்கும். 3 துண்டைச் சேர்த்தால்தான் திறக்கும். வீட்டு மாடியில் ஒரு பழைய கணினியில் இதை நிறுவியிருக்கிறீர்கள். மலையில் மழை பிடித்து, மின்சாரம் போய், திரும்ப வருகிறது. கணினி எழுந்துவிடும், வால்ட் எழாது. நீங்கள் தேனியில் கல்யாண வீட்டில் இருப்பீர்கள். கடையில் பில் நின்றுவிடும். கிளவுட்டின் சாவிச் சேவையான கேஎம்எஸ் மூலம் தானாகத் திறக்கும்படி செய்ய முடியும். உங்களால் அதைச் செய்ய முடியாதென்றால் இந்தக் கருவியை நீங்களே நடத்த வேண்டாம்.

ஒரே நிரலாளர், ஒரே கடை என்றால் தற்காலிகப் பயனர் வசதி தேவைக்கு மிஞ்சியது என்பது என் கருத்து. ஐந்தாறு கடைகளின் டேட்டாபேஸ்களை ஒரே ஆள் பார்க்கிறார், உதவிக்கு இரண்டு பேர் வந்து போகிறார்கள் என்றால் அப்போது யோசிக்கலாம்.

தானாக மாறும் பாஸ்வேர்டு

மேலே சொன்னதன் எளிய வடிவம் இது. ஏடபிள்யூஎஸ் சீக்ரெட்ஸ் மேனேஜரில் ஒரு ரகசியத்துக்கு மாதம் 40 சென்ட். பன்னிரண்டு ரகசியங்களுக்கு 5 டாலருக்குள் முடிந்துவிடும். 10,000 அழைப்புகளுக்கு 5 சென்ட் தனி. பாஸ்வேர்டை 4 மணி நேரத்துக்கு ஒருமுறைகூட மாற்றச் சொல்லலாம்.

இரண்டு பயனர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரின் பாஸ்வேர்டு மாறும்போது மற்றவர் வேலையில் இருப்பார், இடைவெளி விழாது. மாற்றும் நேரத்தை நீங்களே வையுங்கள். ஏலம் நடக்கும் நேரத்திலும், லாரி கிளம்பும் முன் இ-வே பில் எடுக்கும் நேரத்திலும் எதையும் மாற்றக் கூடாது. பின்னிரவு 2 மணி நல்லது. மாற்றம் தோற்றால் உங்கள் கைபேசிக்கு அழைப்பு வரும்படி செய்யுங்கள். மின்னஞ்சல் போதாது.

தானாக மாற்ற வேண்டிய தேவை இல்லாதவற்றை அதே ஏடபிள்யூஎஸ்ஸின் பாராமீட்டர் ஸ்டோரில் வைக்கலாம். சாதாரண நிலையில் அங்கே சேமிக்கக் கட்டணம் இல்லை. எஸ்எம்எஸ் கீ, வாட்ஸ்அப் டோக்கன் போன்றவற்றை நாமே போய்ப் புதிதாக எடுக்க வேண்டியிருப்பதால் அவற்றுக்கு இது போதும். கைபேசி நாட்காட்டியில் 90 நாளுக்கு ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் வால்ட்டின் திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டது. அதை ஏற்காதவர்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் ஓபன்பாவைத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில் ஹாஷிகார்ப்பை ஐபிஎம் 640 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அதே ஆண்டு, சிறு குழுக்களுக்காக அவர்கள் நடத்திய எச்சிபி வால்ட் சீக்ரெட்ஸ் சேவையின் விற்பனை நிறுத்தப்பட்டது. சேவை மூடப்படுவது வாடிக்கையாளரின் கையில் இல்லை. எல்லா ரகசியங்களையும் ஒரே கட்டளையில் வெளியே எடுக்க முடியுமா என்று, வாங்கும் நாளிலேயே சோதித்துப் பாருங்கள்.

தனியாக வேலை பார்ப்பவருக்கு நான் முதலில் சொல்வது ஃபைலைப் பூட்டும் சாப்ஸும், அதற்குச் சாவி தரும் ஏஜும். மோசில்லாவில் பிறந்த சாப்ஸ் இப்போது சிஎன்சிஎஃப் என்ற திறந்த மூல அமைப்பின் குடையின் கீழ் இருக்கிறது. இது ஃபைலில் மதிப்புகளை மட்டும் பூட்டும், பெயர்களை விட்டுவிடும். எந்தச் சாவி எப்போது மாறியது என்பது கிட் வரலாற்றில் தெரியும், சாவி என்னவென்பது தெரியாது. சர்வர் வேண்டாம், சந்தா வேண்டாம், இணையம் அறுந்தாலும் வேலை செய்யும். மலைச்சரிவில் எஸ்டேட் ஸ்டோரிலேயே ஓடும் எடை மென்பொருளுக்கு வேறு எதுவும் சரிவராது. குறை ஒன்று: சாவியின் ஆயுளை இது குறைக்காது. அதை மறைவாக வைப்பதோடு சரி. ஆகவே நாட்காட்டி நினைவூட்டல் இங்கே கட்டாயம்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை பார்த்தால் இன்ஃபிசிகல் அல்லது டாப்ளர். மென்பொருளைத் தொடங்கும் நொடியில் ரகசியங்களை நேரே அதன் நினைவகத்துக்குள் கொடுத்துவிடுவதால் டாட் என்வ் ஃபைலே தேவையில்லை. இணையம் இல்லாதபோது கைகொடுக்க, டாப்ளர் பூட்டிய நகல் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்ளும். ஏஐ உதவியாளரை வைத்து நிரல் எழுதுபவர்களுக்கு டாட் என்வ் இல்லாதது இன்னொரு வகையிலும் நல்லது. அந்த உதவியாளர் ஃபோல்டரில் உள்ளதையெல்லாம் படிக்கும். அங்கே பேமெண்ட் கேட்வேயின் நேரடிச் சாவி கிடக்கக் கூடாது, சோதனைச் சாவி இருந்தால் போதும்.

"வாட்ஸ்அப்புல போட்டுட்டேன் தம்பி"

எவ்வளவு கருவி வைத்தாலும் கடையின் கணக்கர் ஒருநாள் கூப்பிடுவார்: "தம்பி, போர்ட்டல் பாஸ்வேர்டு மாத்தியாச்சு, வாட்ஸ்அப்புல போட்டுட்டேன், பாத்துக்க." அந்தச் செய்தி இரண்டு கைபேசிகளிலும், அவற்றின் பேக்கப்பிலும் வருடக்கணக்கில் இருக்கும்.

அவரைக் கடிந்துகொண்டு பயனில்லை. வாட்ஸ்அப்பைவிடச் சுலபமான வழியைக் காட்டினால்தான் மாறுவார். பிட்வார்டன் செண்ட், இன்ஃபிசிகலின் பகிர்வு இணைப்பு இரண்டிலும், ஒருமுறை திறந்தவுடன் அழிந்துபோகும் இணைப்பை உருவாக்கலாம். "அண்ணே, இனிமே இந்த லிங்க்குல போட்டு அனுப்புங்க, நான் ஒரு தடவை பாத்ததும் அதுவே அழிஞ்சிரும்" என்று சொல்லி, அவர் கைபேசியின் முகப்பிலேயே அதை வைத்துக்கொடுங்கள். மனிதர்கள் தினமும் உள்ளே போகும் வங்கி, ஜிஎஸ்டி கணக்குகளுக்கு சோஹோ வால்ட் போன்ற பாஸ்வேர்டு பெட்டகம் போதும். மென்பொருள் பயன்படுத்தும் சாவிகளை அதோடு கலக்க வேண்டாம்.

கசிந்துவிட்டால்

முதல் வேலை, சாவியை ரத்து செய்து புதிது எடுப்பது. நிரலை அழிப்பது, வரலாற்றைத் திருத்துவது, யார் செய்தது என்று விசாரிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. பொதுவில் விழுந்த கிளவுட் சாவியைத் தேடும் தானியங்கிகள் சில நிமிடங்களில் வந்துவிடுகின்றன. ஏடபிள்யூஎஸ் சாவியென்றால் கிட்ஹப் தகவல் கொடுத்து, ஏடபிள்யூஎஸ்ஸே அதன் உரிமைகளில் சிலவற்றை முடக்கும். அது முழுப் பாதுகாப்பு ஆகாது. ரத்து செய்ய வேண்டியது நீங்கள்தான்.

அடுத்து, அந்தச் சாவியால் என்ன நடந்தது என்று பதிவுகளைப் பாருங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, டேட்டா கசிவு, அனுமதியற்ற நுழைவு போன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சர்வர் பதிவுகள் ஒரு வாரத்தில் அழியும்படி அமைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர்களின் விவரம் வெளியே போயிருந்தால் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வரும். போதிய பாதுகாப்பு இல்லாததற்கு அதில் உச்சபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். அந்தப் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழும். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

ஒரு கடையின் வேலையை விட்டு விலகும்போது செய்ய வேண்டியது இதே பட்டியலின் அமைதியான வடிவம். கிளவுட் கணக்கு, எஸ்எம்எஸ் கணக்கு, பேமெண்ட் கேட்வே எல்லாம் தொடக்கத்திலிருந்தே கடைக்காரர் பெயரில் இருக்க வேண்டும். விலகும் நாளில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாவியையும் புதிதாக எடுங்கள். உங்கள் ஏஜ் சாவியை சாப்ஸ் பட்டியலிலிருந்து நீக்கி, ஃபைலை மறுபடி பூட்டுங்கள். அடுத்து வரும் நிரலாளரின் சாவியைச் சேருங்கள். கடைக்கான மாற்றுச் சாவியைத் தாளில் அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, கடையின் இரும்புப் பெட்டியில் வைக்கக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.